சேவை செய்பவர்களும் வேலை செய்பவர்களும்

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற வியாதி ஒன்று உண்டு. எனக்கும் இருக்கிறது. திருக்குறளில் நல்குரவு என்று ஓர் அதிகாரம். வறுமையைப் பற்றியது. அதில் 'துப்புரவு' என்ற சொல் வருகிறது. அங்கே அதற்குக் கூட்டுவது, அள்ளுவது என்று பொருள் கிடையாது. உண்ணவும் உடுக்கவும் அனுபவிக்கவும் வேண்டிய பொருள்கள் என்று பொருள். அவை இல்லாதவர்களைப் பற்றித்தான் அந்தக் குறள் பேசுகிறது. அனுபவிப்பதற்குப் பெயராக இருந்த ஒரு சொல், அனுபவித்தவர்கள் கழித்துப் போட்டதை அள்ளுவதற்குப் பெயராகிப் போயிருக்கிறது. துப்புரவு இல்லாதவர்களே துப்புரவுக்காரர்களும் ஆனார்கள். பொருள் மாற்றம் என்று இதை இலக்கணக்காரர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நமக்கு ஒரு வரியில் முடிகிற கதையா இது?

பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தோட்டி என்றார்கள். அப்புறம் துப்புரவுப் பணியாளர் என்றார்கள். 2020-இல் கொரோனா வந்த நேரத்தில், இனிமேல் தூய்மைப் பணியாளர் என்று அழைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. டிவியில் இதைச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்த என் அம்மா சொல்லுச்சு: "பேரு நல்லாத்தான் இருக்கு. கையுறை எப்பத் தருவாகன்னு சொன்னாகளா?"

நாங்கள் அருந்ததியர். தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி ஊர். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். அப்பா நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளி. அம்மா காண்ட்ராக்டில் கூட்டியது. 2012-இல் நான் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா பணியிலிருக்கும்போதே இறந்து போனார். வாரிசு வேலைக்கு மனுப் போட்டோம். படிப்புக்கு ஏற்ற மாதிரி இளநிலை உதவியாளர் வேலை கேட்டு எழுதியிருந்தேன். ஆபீசில் இருந்தவர் மனுவைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார்: "உங்க அப்பா என்ன வேலை பாத்தாரு? அந்த வேலைதாம்மா வாரிசுக்கு." எம்.ஏ. சான்றிதழைக் காட்டினேன். "அதுக்கென்ன, படிச்சவுக கூட்டக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?" என்றார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். வெளியே வந்ததும் அம்மா சொல்லுச்சு: "நீ படி. அந்த மாற நான் எடுத்துக்கிர்றேன். எனக்குப் பழகுனதுதான்." இன்றைக்கு வரைக்கும் அம்மா அந்த வேலையில்தான் இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஊரைத் தூய்மையாக்குவோம், பசுமையாக்குவோம், நீர்நிலைகளை மீட்போம் என்கிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், டாக்டர், நகைக்கடைக்காரர், காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள். ஒரே நிறத்தில் பனியன், தொப்பி, கையில் உறை. அரசும் கூப்பிடுகிறது. 2022-இல் நகரங்களின் தூய்மைக்கான மக்கள் இயக்கம் என்று ஒன்றைத் தமிழ்நாடு அரசு தொடங்கி, 'என் குப்பை, என் பொறுப்பு' என்று சுவரெல்லாம் எழுதியது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கூட்டினார்கள். நல்ல வாசகம்தான். தன் குப்பைக்குத் தான் பொறுப்பு என்று இந்த நாட்டில் ஒருவன் சொல்லிவிட்டாலே சாதியில் ஒரு செங்கல் பெயர்ந்த மாதிரி. இவர்களைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் தன்னார்வம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தன் ஆர்வம். பிடித்தால் வரலாம், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். என் அம்மாவிடம் அந்த ஆர்வத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

2014 அக்டோபர் 2-ஆம் தேதி தூய்மை இந்தியா தொடங்கியது. பிரதமர் துடைப்பம் எடுத்தார். எங்கே போய் எடுத்தார்? டெல்லியில் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வால்மீகி காலனியில். 1946-இல் காந்தி தங்கியிருந்த இடம் என்று அதற்குப் பெருமையும் உண்டு. ஊரெல்லாம் கூட்டிவிட்டு வருகிறவர்களின் தெருவில் போய்க் கூட்டிக் காட்டியதற்கு என்ன அர்த்தம்? குப்பை போடுகிறவர்களின் தெருவில் அல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும்? அன்றைக்கு நாடு முழுக்க ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். ஆளுக்கு வருஷத்தில் 100 மணி நேரம், அதாவது வாரம் 2 மணி நேரம், தூய்மைக்காகத் தானாக முன்வந்து உழைப்பது என்று. அம்மாவுக்குக் காலை 6 மணிக்கு மஸ்டர். மதியம் 2 மணிக்கு வேலை முடியும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேசம் ஒரு குடிமகனிடம் வருஷம் முழுவதற்கும் கேட்ட அந்த 100 மணி நேரம் அம்மாவுக்குப் பன்னிரண்டரை நாளில் தீர்ந்து போகிறது. ஜனவரி 1-ஆம் தேதி ஆரம்பித்தால் பொங்கலோடு கணக்கு முடிந்தது. மிச்சமுள்ள பதினொன்றரை மாதமும் யாருடைய கணக்கில் எழுதுவது? அதற்குச் சேவை என்று பெயரில்லை, சான்றிதழ் இல்லை, மாலை இல்லை.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்கு நடுவில் ஒரு ஊருணி. ஊர் உண்ணும் நீர் என்பதால் ஊருணி. உலகம் விரும்பும் பேரறிவாளனின் செல்வத்துக்கு வள்ளுவர் உவமையாகச் சொன்னது ஊருணியைத்தான். அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி சேர்த்தியா என்று எந்த உரையாசிரியரும் கேட்கவில்லை. என் அப்பத்தா கேட்டது. குடத்தை வைத்துக்கொண்டு கரையிலேயே நிற்குமாம். படியில் இறங்கக் கூடாது. இறங்கி எடுக்கிற பொம்பளைகள் யாராவது மனம் வைத்து உயரத்திலிருந்து ஊற்றினால் உண்டு. வெயில் ஏறி வெறுங்குடத்தோடு திரும்பிய நாள்களை அப்பத்தா விரலை மடக்கி எண்ணாது. "அது கெடக்கு கணக்கில்லாம" என்று மட்டும் சொல்லும்.

பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. ஊருணி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. சாக்கடையைத் திருப்பி விட்டார்கள். கல்யாண மண்டபத்து எச்சில் இலை, கறிக்கடைக் கழிவு, பிளாஸ்டிக் எல்லாம் அதில்தான். படித்துறையில் மலம். எங்களை இறங்கவிடாத படியில் எங்களைத் தவிர யாரும் இறங்க முடியாதபடி ஆனது. இறங்கி அடைப்பு எடுப்பதற்கு நகராட்சி எங்கள் ஆள்களை அனுப்பியது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஊருணியை மீட்கத் தன்னார்வலர்கள் கிளம்பினார்கள். 'நம்ம ஊருணி, நம்ம பெருமை' என்று பேனர். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் பணி தொடக்கம் என்று போட்டிருந்தது. எங்கள் காலனியில் அது விடிகாலை 4 மணிக்கே தொடங்கிவிட்டது. மேஸ்திரி வந்து கதவைத் தட்டினார். "பெரியவுகல்லாம் வர்றாக. செத்தது கிழிஞ்சதெல்லாம் முன்னாடியே எடுத்துப் போட்டுருங்க. கண்ணாடிச் சில்லு கால்ல குத்திறக் கூடாது." அம்மாவோடு சேர்த்து 14 பேர் போனார்கள். செத்த நாய் ஒன்று, மருத்துவமனை ஊசிகள், பீங்கான், படித்துறை மலம். எல்லாவற்றையும் எடுத்துப் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். 7 மணிக்குப் பனியன் போட்டவர்கள் வந்து காகிதமும் பாலிதீன் பையும் பொறுக்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். 9 மணிக்குப் பொங்கலும் வடையும். குவித்து வைத்த குப்பையைச் சுட்டி ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது: "அந்தப் பொம்பளைங்கள அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க, நாறுது." அந்தப் பொம்பளைங்களில் ஒன்று என் அம்மா. வார விடுமுறை நாளில் வந்த அம்மா. அடுத்த நாள் பேப்பரில், 40 தன்னார்வலர்கள் 2 டன் குப்பையை அகற்றினார்கள் என்று செய்தி வந்தது. அந்த 40 பேரில் 14 பேர் இல்லை.

நண்பர்களே, தூய்மை என்ற சொல் இந்த நாட்டில் ஒரு சொல் இல்லை, இரண்டு. ஒன்று கிருமி போவது. இன்னொன்று தீட்டுப் போவது. 1927 மார்ச் 20-ஆம் தேதி மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்தார். சட்டப்படி அது பொதுக்குளம். மாடு குடிக்கலாம், பறவை குடிக்கலாம். மனிதர் குடித்ததும் குளம் அழுக்காகிவிட்டது என்றார்கள். சாதி இந்துக்கள் கூடி 108 பானைகளில் குளத்து நீரை மொண்டு வெளியே கொட்டினார்கள். சாணம், மூத்திரம், பால், தயிர் கலந்து மந்திரம் சொல்லிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். யாரும் கூலி கொடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நீர்நிலையைச் சுத்தப்படுத்த ஊர் கூடிச் செய்த தன்னார்வப் பணிதான் அதுவும். அந்தக் குளத்தில் நமக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்வதற்கு 1937 வரை ஆனது. ஆகவே யாராவது குளத்தைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டால், எந்தச் சுத்தம் என்று கேட்கிற உரிமை நமக்கு வரலாறு கொடுத்தது.

சேவை என்ற சொல்லும் இப்படித்தான். 1936-இல் காந்தி தம்முடைய ஹரிஜன் இதழில் லட்சியத் துப்புரவாளர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். கழிப்பறை கட்டும் முறையிலிருந்து மலத்தை எருவாக்கும் முறை வரைக்கும் தெரிந்தவராக இருக்க வேண்டுமாம். காந்தி தாமே கக்கூஸ் கழுவினார், ஆசிரமத்தில் இருந்தவர்களையும் கழுவ வைத்தார், மறுக்கவில்லை. ஆனால் அவர் கழுவிவிட்டு எழுந்தால் மகாத்மா. நாம் கழுவிவிட்டு எழுந்தால் தோட்டிதான். அந்த வேலையைப் புனிதம் என்று புகழ்ந்து அந்த வேலைக்குள்ளேயே இருக்கச் சொல்வதைக் காங்கிரசும் காந்தியும் பற்றி 1945-இல் வெளியிட்ட நூலில் அம்பேத்கர் உரித்துக் காட்டினார். புகழ்ச்சி ஒரு பூட்டு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் விஷவாயுவில் சாகிறார்கள். 1993-லிருந்து செத்தவர்களைக் கணக்கெடுத்து ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த பட்டியல்களில் தமிழ்நாடுதான் முதலிடம். பெரியார் மண் என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிற மண்.

அதற்காகத் தன்னார்வம் என்பதே பித்தலாட்டம் என்று ஒதுக்கிவிட முடியுமா? மராட்டியத்தில் காட்கே பாபா என்று ஒருவர் இருந்தார். வண்ணார் சாதியில் பிறந்தவர். 1876-இல் பிறந்து, அம்பேத்கர் மறைந்த அதே 1956 டிசம்பரில் மறைந்தார். கையில் துடைப்பம், தலையில் கவிழ்த்த ஓட்டுச் சட்டி. ஓர் ஊருக்குள் நுழைந்தால் யாரையும் கேட்காமல் தெருவைக் கூட்ட ஆரம்பிப்பார். சாயந்தரம் அதே ஊர் மக்களை உட்கார வைத்துச் சாதியையும் மூடநம்பிக்கையையும் கிழிப்பார். மக்கள் கொடுத்த காசில் பள்ளிக்கூடங்களும் தர்மசாலைகளும் கட்டினார். பகலில் தெருவைக் கூட்டினார், ராத்திரியில் மண்டையைக் கூட்டினார். நம்முடைய தன்னார்வலர்கள் பகல் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. 1989-இல் சென்னையில் எக்ஸ்னோரா தொடங்கியது. தெருக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டி வாங்கி, வீடு வீடாகக் குப்பை எடுக்க ஓர் ஆளை வைத்தார்கள். அவருக்குத் தெருவை அழகுபடுத்துபவர் என்று மரியாதையான பெயர். நாறிக்கிடந்த குப்பைத் தொட்டிகள் தெருவிலிருந்து போயின. அது பெரிய காரியம். ஆனால் தெருவே கூடிச் செய்த அந்த ஏற்பாட்டிலும் பணம் போடுகிற கை ஒன்று, குப்பையைத் தொடுகிற கை வேறொன்று.

ஊருணி வேலைக்கு அடுத்த வாரம் அந்த ஓய்வு பெற்ற வாத்தியார் என்னைத் தேடி எங்கள் படிப்பகத்துக்கு வந்தார். நல்ல மனிதர். "ஏம்மா, நீ எழுதுற பிள்ளை. உங்க காலனிப் பசங்கள ஒரு பத்துப் பேரைச் சேத்து விடு. எல்லாச் சமூகமும் கலந்து செஞ்சாத்தான நல்லாருக்கும்?" என்றார். பேசிவிட்டுச் சொல்கிறேன் சார் என்று அனுப்பினேன். அன்று ராத்திரி படிப்பகத்தில் பெரிய சண்டை. டிப்ளமா படிக்கிற என் சித்தி மகன் குதித்தான்: "அக்கா, நம்ம வீட்ல ஆறு மணிக்குப் போறது சம்பளத்துக்கு. ஏழு மணிக்குச் சும்மாவும் போகணுமா? வாரியல எடுக்கக் கூடாதுன்னுதான என்னப் படிக்க வச்சீக?" நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி மறித்தாள்: "நாம போகாட்டி அது அவுக ஊருணின்னே ஆயிரும். அப்பத்தா கரையில நின்ன எடத்துல நான் படியில நிக்கணும்." இரண்டு பேர் சொன்னதும் நியாயம். இரண்டும் நம்முடைய நியாயம்தான். ஓடவும் வேண்டும், உரிமை கேட்டு நிற்கவும் வேண்டும்.

அம்மா கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சொல்லுச்சு: "அவுக ஊருணியக் கூட்டுனா கூட்டட்டும், கூட்டாட்டிப் போகட்டும். எனக்கு அது பெருசில்ல. வீட்டுக் குப்பையப் பிரிச்சுப் போடச் சொல்லு. பிளேடு, ஊசி, பிள்ளை பீத்துணி, பொம்பளைக வச்ச துணி, மிச்சச் சோறு, எல்லாத்தையும் ஒரே பையில இறுக்கி முடிஞ்சு போடுறாக. அதை இந்தக் கையாலதான பிரிக்கிறேன்." வலது கை ஆள்காட்டி விரலைக் காட்டுச்சு. ஊசி ஏறிச் சீழ் வைத்து நகம் போன விரல். "அவுக வீட்டுக்குள்ள ரெண்டு நிமிசம் செஞ்சா எனக்கு ரோட்டுல ரெண்டு மணி நேரம் மிச்சம்."

இத்தனை பக்கம் எழுதுவதற்கான விஷயத்தை அம்மா அந்த இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை உண்டாக்குகிறவர்தான் மக்குவது, மக்காதது, அபாயமானது என்று பிரிக்க வேண்டும், நாப்கின், டயப்பரைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. விதிகள் சொன்னதைச் செய்வதற்கு ஏன் மனம் வரவில்லை? தெருக் குப்பையை உறை போட்ட கையால் எடுத்தால் சேவை, போட்டோ வரும். தன் வீட்டுக் கழிவைத் தன் கையால் பிரித்தால் அது தீட்டு. அதைத் தொடுவதற்கென்று ஒரு சாதி இருக்கிறது என்ற நினைப்பு அடுப்படிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஊர் சுத்தமாக வேண்டுமென்றால் துடைப்பம் போக வேண்டிய இடம் அடுப்படிதான்.

மறுநாள் நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். வருகிறோம் என்றோம். ஆனால் சில விஷயங்கள் கேட்டோம். உங்கள் பணிக்கு முன்னாலோ பின்னாலோ நகராட்சித் தொழிலாளிகளை விடுமுறை நாளில் கூப்பிடக் கூடாது. செத்த நாயையும் சேர்த்து நாமே எடுப்போம், நாமே வண்டியில் ஏற்றுவோம். உறுப்பினர் வீடுகளில் முதலில் குப்பை பிரிக்க வேண்டும். மூன்றாவது வாரம் ஊருணி, நான்காவது வாரம் எங்கள் காலனிச் சாக்கடை. தொழிலாளிகளின் கூலிக்கும் கையுறைக்கும் பூட்சுக்கும் மனுக் கொடுத்தால் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

பதில் சுலபமாக வரவில்லை. நகைக்கடைக்காரர், சேவையில் அரசியல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். சிலர் அதோடு நின்றுவிட்டார்கள். வாத்தியார் மட்டும் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல என்னம்மா தப்பு இருக்கு?" என்றார். காலனிக்கு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை 40 பேரில் 7 பேர் வந்தார்கள். டாக்டர் வந்தார், வாத்தியார் வந்தார், கல்லூரிப் பிள்ளைகள் 5 பேர். எங்கள் சாக்கடையில் மண்வெட்டி போட்டு இழுக்கும்போது ஒரு பையன் வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிவிட்டு மறுபடி வந்து நின்றான். யாரும் சிரிக்கவில்லை. அந்த வாந்தியை நான் எந்தச் சான்றிதழையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

கையுறைக்கும் பூட்சுக்கும் மனுக் கொடுத்தோம். தொழிலாளர் சங்கம் மூன்று வருஷமாகக் கேட்டு வராத பூட்ஸ், டாக்டரும் வாத்தியாரும் கையெழுத்துப் போட்டதும் மூன்று வாரத்தில் வந்தது. சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா? அம்மா பூட்சைப் போட்டுப் பார்த்து, "ஒரு சைசு பெருசு" என்றது. துணியைத் திணித்துக்கொண்டு போகிறது. உறுப்பினர் வீடுகளில் இன்றைக்கு எத்தனை வீட்டில் பிரிக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டால் கணக்காகச் சொல்லும். அந்தத் தெருவில் 11 வீடு. முன்னே ஒன்றுமில்லை.

பசுமை என்பதையும் சொல்லியாக வேண்டும். மெயின் ரோட்டில் புங்கன், வேம்பு நட்டு இரும்புக் கூண்டு போட்டு, கூண்டில் உபயதாரர் பெயர் எழுதியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஆள்கள்தான். அவர்கள் பெயர் எழுதக் கூண்டில் இடமில்லை. எங்கள் காலனியில் சாக்கடைத் தண்ணீரிலேயே முருங்கையும் வாழையும் நிற்கிறது. பழைய இரும்பு, பாட்டில், அட்டை எல்லாவற்றையும் பொறுக்கி, தரம் பிரித்து, காயலான் கடைக்கு அனுப்பி மறுபடி பொருளாக்குகிறவர்கள் எங்கள் சனங்கள். குறைவாக வாங்கி, குறைவாகக் கழித்து, கழித்ததையும் திருப்பிக் கொடுப்பதுதான் இயற்கையைக் காப்பது என்றால், அதை ஒரு சேரி தினமும் செய்கிறது. ஆனால் ஊர்க் குப்பை முழுவதும் வந்து சேருகிற உரக்கிடங்கு எங்கள் காலனிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கோடை வந்தால் தீப்பிடித்து நாள்கணக்கில் புகையும். பிள்ளைகள் இருமும். சென்னைக்குப் போனால் கொடுங்கையூர், பெருங்குடி. ஒன்று உழைக்கும் மக்கள் நெருக்கிக் கிடக்கும் வடசென்னையில், இன்னொன்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். நகரத்தின் அழுக்கு மறைந்து போவதில்லை, இடம் மாறுகிறது. எங்கே மாறுகிறது என்று பார்த்தால் யார் சொல்லுக்கு மதிப்பில்லை என்று தெரிந்துவிடும். தன்னார்வலர்கள் ஒரு தடவையாவது குப்பை வண்டியில் ஏறி அது போய் நிற்கும் இடம் வரைக்கும் வர வேண்டும்.

2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பது அவர்கள் கோரிக்கை. ஆகஸ்ட் 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. கூட இருந்த வக்கீல்களையும் சட்டக் கல்லூரி மாணவர்களையும் பிடித்தது. அந்த மாணவர்கள் கையில் துடைப்பம் இல்லை, பனியனில் பெயர் இல்லை. நகரத்தைத் தூய்மையாக வைக்கிறவர்களுக்காகத் தூக்கம் கெட்டு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். என் கணக்கில் அவர்கள்தான் தன்னார்வலர்கள்.

2019-இல் கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு 7000 பேர் போல மனுப் போட்டார்கள், இஞ்சினியரிங் படித்தவர்களும் உண்டு என்று செய்தி வந்தது. சாதி உடைகிறது என்று சிலர் மகிழ்ந்தார்கள். எங்கள் ஊர் அனுபவம் வேறு. அந்த வேலையில் சேர்ந்த மற்ற சாதிக்காரர் ஒரு மாதம்கூடத் தெருவுக்கு வருவதில்லை. ஆபீசில் கணக்கு எழுத, ஜீப் ஓட்ட, வரி வசூலிக்க என்று உள்ளே போய்விடுவார். சம்பளம் துப்புரவில், உட்காருவது மின்விசிறிக்குக் கீழே. எம்.ஏ. படித்த எனக்குக் கிடைக்காத அந்த நாற்காலி அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரட்டும்.

ஊரைச் சுத்தமாக வைக்கக் கிளம்புகிறவர்களிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான். வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள், திங்கட்கிழமை காலையில் உங்கள் வீட்டு வாசலில் நின்று குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். வாங்குகிறவரை ஏம்மா, ஏய் என்று கூப்பிடாமல் பெயரைக் கேட்டுக் கூப்பிடுங்கள். அவருக்குக் கையுறை இல்லையென்றால் அன்றைக்கே நகராட்சிக்குப் போன் பண்ணுங்கள். அவர் பிள்ளை வேறு வேலை கேட்டு ஆபீசுக்குப் போனால் கூடப் போய் நில்லுங்கள். சேவை செய்கிறவருக்கு எந்த நேரமும் வீட்டுக்குப் போய்விடுகிற உரிமை இருக்கிறது. அந்த உரிமை இந்த வேலையில் பிறந்தவர்களுக்கும் கிடைக்கிற அன்றைக்குத்தான் ஊர் சுத்தமாகும்.

அம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. மேஸ்திரி இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார், காலனியிலிருந்து காண்ட்ராக்டுக்கு யாரை அனுப்பப் போறீக என்று. யாரையும் அனுப்புவதாக இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறது.